சுவர் தாண்டிப் போன நீலக் கேபிள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தாத்தா இறந்தார். நிலம் பிரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள்.
2. ஒரே வீடாக இருந்த எங்கள் வீட்டின் முற்றத்தை இரண்டாக்கி ஒரு சுவர் எழுந்தது.
3. சுவருக்கு மேலே ஒரு நீலக் கேபிள் போனது.
4. ஒரு பிற்பகலில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது.
5. எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த தாத்தா அழிந்துபோனார்.
6. அப்பா கேபிளை வெட்டினார்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை. ஏதாவது ஒன்று விழுந்து எழுந்தால், என்ன நடந்தது என்று முதலில் இப்படி வரிசையாக எழுத வேண்டும். ஏன் என்பது அதற்குப் பிறகு. யார் பெயரையும் குற்றமாகச் சொல்லக் கூடாது என்பது விதி. மேலே உள்ள ஆறு வரிகளை மனத்துக்குள் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு வரி இல்லை. அது அப்பா என்னிடம் கேட்ட ஒரு கேள்வி.

எங்கள் ஊர் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து வர வேண்டும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கடலூர் ரோட்டை ஒட்டியிருந்த தன் பங்கை மனை போடுகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா நினைத்தார். தாத்தா உழுத நிலத்தை எப்படி விற்க மனம் வரும் என்று அப்பா நினைத்தார். இருவரும் நினைத்ததோடு சரி, ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பேசாமலிருப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சுவர் அம்மாவையும் சித்தியையும் ஒன்றும் செய்யவில்லை. அது ஆள் உயரம்கூட இல்லை. சித்தி தன் பக்கம் ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பாள். குழம்புக் கிண்ணம் சுவர்மேல் போய்வந்துகொண்டிருந்தது. எனக்கும் தடை இல்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. இரண்டு பக்கமும் சாப்பிட்டேன், இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

சித்தப்பா சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் பராமரிப்புக் கம்பெனியில் இருந்தவர். கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்துவிட்டார். ஒரு கல்லூரி ஏலத்தில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, முன்பு உர மூட்டை அடுக்கிவைத்திருந்த அறையில் இறக்கினார். அவற்றைத் துடைத்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டு, டியூஷன் நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பது அவர் திட்டம். அந்த அறையில் சதா ஓடிக்கொண்டிருந்த மூடியில்லாத ஒரு பெட்டிதான் சர்வர். அதற்கு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒரு இன்வெர்ட்டர். கரண்ட் போனாலும் அது அணையாது. வீட்டின் ஒரே டேபிள் ஃபேன் அதன் பக்கமே திரும்பியிருக்கும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, பீரோவுக்குப் பதிலா இன்னொரு ஃபேன் கேட்டு வாங்கியாந்திருப்பேன்" என்பாள் சித்தி. "அதுக்குக் காத்து, எனக்கு வேர்வை."

அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் சிடி போடும் இடம் பழுதாகியிருந்தது. பென்டிரைவ் செருகினால் கண்டுகொள்ளாத அளவுக்கு வயதானவை. அதனால் சித்தப்பா கேபிள் வழியாகவே லினக்ஸை ஏற்றினார். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குக் கண்விழித்ததும் தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. கேபிளில் குரல் கொடுத்துக் கேட்கும். சர்வர் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, எங்கிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லும். மற்றதை அது தானே இழுத்துக்கொள்ளும். இதைச் சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்ட அன்றுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் பக்கம் வந்ததும் குழம்பு வந்த வழியில்தான். சித்தி தூக்கிச் சுவர்மேல் வைத்தாள், அம்மா இறக்கினாள். பின்னாலேயே நீலக் கேபிள் வந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் சர்வர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் இந்தப் பக்கம் ஜன்னலோரம் திரை முன்னால். அப்பா முற்றத்தில் மருந்தடிக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி வருது?" சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

"கறுப்பா இருக்குது சித்தப்பா. வெள்ள எழுத்து ஓடுது."

"படி."

"டி, எச், சி, பி... அப்புறம் புள்ளி புள்ளியா வருது."

"வரட்டும் வரட்டும். 'நான் யாரு, எனக்குப் பேரு இன்னா'ன்னு கேக்குது. இரு, நம்மாளு சொல்லுவான்."

அப்பா தலையை நிமிர்த்தாமல் என்னைக் கேட்டார். "பேரு தெரியாததையெல்லாம் வூட்டுல சேத்தது யாருடி?"

சுவருக்கு அப்பால் சித்தப்பா சிரிப்பது கேட்டது. அப்பா வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதற்கு மிக அருகில் வந்தது அன்றுதான்.

எல்லாம் முடிந்த பிறகு, திரையில் இரண்டு இடங்களை மாற்றச் சொன்னார் சித்தப்பா. விழித்ததும் முதலில் கேபிளில் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தன் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. கரண்ட் போய் வந்தால் யாரும் பட்டனைத் தொடாமல் தானே எழுந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று.

"எதுக்கு சித்தப்பா?"

"ஏதாவது கோளாறுன்னா இங்கேர்ந்தே சரி பண்ணிடலாம்டி. நான் அங்க வர வேண்டியதில்ல பாரு."

இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. தினமும் எங்கள் கம்ப்யூட்டர் எழுந்து கேட்கும். 'உன் டிஸ்க்கிலேயே பார்த்துக்கொள்' என்று சர்வர் பதில் சொல்லும். அதுவும் பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பா அந்தச் சர்வரில் வீட்டுக்கென்று ஒரு வலைப்பக்கமும் நடத்தினார். இன்டர்நெட் அவர் பக்கம் மட்டும்தான் இருந்தது. காலையில் மழை வருமா வராதா, கரும்பு வெட்டச் சொல்லிச் சர்க்கரை ஆலை யாருக்கெல்லாம் கட்டிங் ஆர்டர் கொடுத்திருக்கிறது, மாட்டு டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்றெல்லாம் அதில் எழுதுவார். அப்பா பல் துலக்கிக்கொண்டே, "இன்னா போட்டிருக்கான்?" என்பார். நான் படித்துச் சொல்வேன். ஒருநாள், 'மேல மடையில் பாம்பு நடமாட்டம். பார்த்துப் போகவும்' என்று இருந்தது. அப்பா போகும்போது மூலையிலிருந்த தடியை எடுத்துக்கொண்டு போனார். மேல மடை எங்கள் பங்கில் இருந்தது. அந்த வலைப்பக்கத்தை, அப்பாவுக்காகவும் எனக்காகவும் படித்த என்னைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை. இருந்தும் அதை நான் ஒரு செய்தித்தாள் என்றே நம்பினேன்.

இனி தாத்தா. அவர் இருக்கும்போது சித்தப்பா தன் சின்ன கேமராவில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அரை நிமிடம் ஓடினால் அதிகம். மோட்டார் கொட்டகை வாசலில் தாத்தா உட்கார்ந்து, இருக்கிற பல்லை வைத்துக் கரும்பு கடித்துக்கொண்டிருப்பார். "அப்பா, இங்க பாருப்பா" என்று சித்தப்பாவின் குரல். தாத்தா சக்கையைத் துப்பிவிட்டுச் சொல்வார்: "இத்தப் புடிச்சிக்கினு நிக்கற நேரத்துக்கு மடையத் திருப்பலாமில்ல? உங்க அண்ணன் ஒருத்தனே கெடந்து மாயறான் பாரு." உடனே திரைக்கு வெளியே எங்கிருந்தோ அப்பா சிரிப்பார். "வுடுப்பா. எடுக்கட்டும், புள்ள."

தன் பக்கத்து டிஸ்க்குகள் எப்போதும் அழிவதும் எழுதப்படுவதுமாக இருப்பதால், அந்த வீடியோவைச் சித்தப்பா எங்கள் கம்ப்யூட்டரில்தான் வைத்தார். "அண்ணன் வூட்டுலதான் பத்திரமா இருக்கும்" என்றார். தான் பார்க்க வேண்டுமென்றால் கேபிள் வழியாக எடுத்துப் பார்ப்பார். அப்படி எங்கள் கம்ப்யூட்டரும் அதன் அளவில் ஒரு சர்வர் ஆனது. அதற்கு வரும் ஆள் ஒருவர்தான்.

அப்பா கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் என்னை அந்த வீடியோவைப் போடச் சொல்வார். முடிந்ததும் இன்னொரு தடவை. தாத்தாவின் முகத்தைப் பார்க்கத்தான் போடச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க எனக்குச் சலிப்பாக இருக்கும். சில நாள் நான் எழுந்து போன பிறகும், யாரும் உட்காராத கம்ப்யூட்டரில் டிஸ்க் விளக்கு மினுக்கும்.

"இது ஏன்டி மினுக்குது?"

"சித்தப்பா அங்கேர்ந்து எதையோ எடுக்கறாருப்பா."

அதற்கப்புறம் அம்மா அணைக்கப் போனால் அப்பா தடுத்துவிடுவார். "இரு. பாக்கறான்." விளக்கு நிற்கும்வரை அந்தப் பக்கமே பார்த்தபடி சாப்பிடுவார். அப்பா ஒரு விளக்கை ரசிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒருநாள் சித்தப்பாவுக்கு டியூஷன் சென்டர் ஒன்றுக்கு நிறையக் கம்ப்யூட்டர்களைத் தயார் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் போய் 'ஆமாம், அழி' 'ஆமாம், போடு' என்று பட்டன் தட்டிக்கொண்டிருக்க முடியாது. யார் எழுந்து கேட்டாலும் கேள்வி இல்லாமல் பழையதை அழித்துப் புதிதாக லினக்ஸ் போடும்படி சர்வரை மாற்றினார். அறையில் வரிசையாக அடுக்கி, ஓடவிட்டு, ஏதோ ஒயர் வாங்க பாகூருக்குப் போனார். வேலை முடிந்தபின் சர்வரைப் பழையபடி மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற கம்ப்யூட்டர் எதையும் கேட்காது.

கரண்ட் போனது. திரும்பி வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கம்ப்யூட்டர், சொல்லிக்கொடுத்தபடி தானே எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி முதலில் கேபிளில் கேட்டது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது திரையில் வெள்ளை எழுத்து மழைபோல் ஓடிக்கொண்டிருந்தது. அழிப்பது முதல் சில நொடிகளிலேயே முடிந்துவிடும். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று, சித்தப்பா நமக்குப் புதுசு போடுகிறார் என்று மகிழ்ந்து, பையைக்கூட இறக்காமல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். எந்தக் கோளாறும் இல்லாமல் முடிந்தது.

அப்பா வந்தார். கைகால் கழுவினார். "போடு" என்றார்.

நான் தேடினேன். இல்லை. வேறு இடத்தில் தேடினேன். இடமே புதிதாக இருந்தது.

"தாத்தா எங்கடி?"

"இல்லப்பா."

அப்பா சுவரைப் பார்த்தார். "அங்கேர்ந்து அழிச்சிட்டானா?"

நான் ஓடினேன். சித்தப்பா அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. சர்வர் அறைக்குள் போய் எதையோ பார்த்துவிட்டு வந்து, உர மூட்டைக்காகப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தார். சித்தி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க."

"போயி இன்னா சொல்றது? கையில ஒண்ணுமில்லாம எப்டிப் போயி நிக்கறது?" என்றார் சித்தப்பா. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ போயி சொல்லு. கரெக்டா சொல்லணும். முதல்ல, கரண்ட் போய் வந்துச்சி. ரெண்டாவது, அந்த மெஷின் எழுந்ததும் கேபிள்லதான் கேக்கும், நாமதான் அப்டி வச்சோம். மூணாவது, சர்வரு ஆள் பாக்காம குடுத்துடுச்சி. யாரும் வேணும்னு பண்ணல. அந்த மெஷின இனிமே ஆன் பண்ண வேணாம்னு சொல்லு, தொடாம வச்சா ஏதாவது வழி பண்ணலாம். சொல்லிடுவியா?"

இரண்டு முறை ஒப்பித்துக் காட்டினேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. சித்தப்பா தலையை ஆட்டினார்.

அப்பா முற்றத்துத் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்று, விரல் மடக்கி, முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தந்த முதல் தொழில்நுட்ப விளக்கம் அது. இன்றைக்கும் அதில் திருத்த ஒன்றுமில்லை. அப்பா நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் வரமாட்டானாமா?"

"அவரு வர வேணாம்ப்பா" என்றேன், உற்சாகமாக. "எல்லாமே அங்கேர்ந்தே பண்ணலாம்."



திரும்பிப் போனபோது சித்தப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "அண்ணன் இன்னாடி சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல சித்தப்பா. நல்லா கேட்டுக்கினாரு."

"கோவமா இருக்காரா?"

"இல்லியே."

அப்பா ஏதாவது சொல்லியனுப்பியிருந்தால் சொல்லியிருப்பேன். எதையும் மறக்கிற பிள்ளை இல்லை நான். ஆனால் அவர் கேட்டதை ஒரு சேதி என்று நான் எண்ணவில்லை. அது ஒரு சந்தேகம், அதற்கு விடை எனக்கே தெரியும், விடையும் சொல்லியாயிற்று. கொண்டுபோக என்ன இருக்கிறது?

அன்று வீடியோ இல்லை, மினுக்கும் விளக்கும் இல்லை. அப்பா கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவும் சுவரோரத்திலிருந்து நகரவில்லை என்று சித்தி மறுநாள் அம்மாவிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செங்கல்லின் கனம்தான் இருந்தது. மறுநாள் முழுவதும்கூட அப்பா கொல்லைக்குப் போகவில்லை. எங்கள் வாசல் கதவு திறந்தே இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, சுவர்மேல் கிடந்த கேபிளை ஒரே வெட்டாக வெட்டினார்.

"யாருமேல இருக்கற கோவத்த ஒயருமேல காட்டறீங்க?" என்றாள் அம்மா.

"எதுக்கு இது? நல்லாதான இருக்கான் அவன், வராமலே."

வெட்டுப்பட்ட முனை சித்தப்பா பக்கம் விழுந்தது. அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கேபிள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம், இனிமேல் கம்ப்யூட்டரைப் போட்டாலும் நான் கேட்கிற பாட்டுகள் வராது, அவை சித்தப்பாவின் சர்வரில் இருந்தன. குழம்புக் கிண்ணம் மட்டும் தொடர்ந்து போய்வந்தது.

சித்தப்பா நிலத்தை விற்றார். பிறகு வில்லியனூருக்குக் குடிபோய் அங்கே கம்ப்யூட்டர் சரிபார்க்கும் கடை வைத்தார். கல்யாணங்களில் இருவரும் ஒரே வரிசையில், நடுவில் நாலைந்து நாற்காலி விட்டு உட்கார்வார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பீரோவில் எதையோ தேடினேன். பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொருள் கையில் தட்டுப்பட்டது. எங்கள் கம்ப்யூட்டரின் டிஸ்க். பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடும்போது, அதை மட்டும் கழற்றச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒருமுறைகூட அதற்குக் கரண்ட் கொடுக்கவில்லை. தொடாமல் வைக்கச் சொன்னதை, அப்படியே வைத்திருக்கிறார்.

அழிப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும், டிஸ்க்கில் எது எங்கே என்று குறித்திருக்கும் முகவரியைத்தான். புதிதாக எழுதப்பட்டது டிஸ்க்கின் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். மிச்ச இடத்தில் தாத்தா இன்னும் கரும்பு கடித்துக்கொண்டிருக்கக்கூடும். அதைத் தோண்டி எடுக்கும் வழிகள் எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன்.

"கெடைக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாதுப்பா. பாக்கலாம். குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

அப்பா டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் வேட்டியில் சுற்றினார்.

"அவன் வந்து எடுக்கட்டும்."

'அவன் வரமாட்டானாமா' என்ற அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்குக் கேட்டது. தாத்தா போனதற்கு அப்பா அன்று விளக்கம் கேட்கவில்லை. கரண்ட், கேபிள், சர்வர் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தம்பி சுவரைச் சுற்றி வாசல் வழியாக வந்து, எதிரே வெறுங்கையோடு நின்றிருந்தால் போதும். பெரியவர் தானாகப் போக முடியாது. சின்னவருக்கு வெறுங்கையோடு வர வெட்கம். அந்த வீடியோவில் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதும் தாத்தாவின் குரலை மட்டுமல்ல, தம்பியின் குரலையும்தான்.

சென்னைக்குத் திரும்பியதும் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். டிஸ்க் இருக்கிறது என்றதும் அவர் குரல் உயர்ந்தது. ஈரம் படாத இடமா, கீழே விழுந்ததா, யாராவது ஆன் செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அப்ப நீயே எடுத்துடலாமேடி. என்னைவிட ஒனக்குத்தான் இப்ப நல்லா தெரியும். நான் எதுக்கு?"

"நீங்க வரணுமாம் சித்தப்பா."

இந்த முறை விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணன் சொன்னாரா?"

"அப்பாதான் சொன்னாரு."

"அதுக்கேத்த பழைய ஒயரெல்லாம் தேடணும்" என்றார் சித்தப்பா. கொஞ்சம் கழித்து, "பாக்கலாம்டி" என்றார்.

இன்றைய நிலை: சுவர் இருக்கிறது, கேபிள் இல்லை. அந்தப் பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. டிஸ்க் அப்பாவின் பீரோவில், வேட்டியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. சித்தப்பா இன்னும் வரவில்லை.